ஒட்டு விட்ட வண்ணப் படங்கள்: ராக்கம் வரைந்த 1908 ஷேக்ஸ்பியர் பதிப்பைப் பழுதுபார்த்த குறிப்புகள்

மேசையில் இருப்பது ஆர்தர் ராக்கம் படம் வரைந்து, லண்டன் ஹைனமன் 1908-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’. வண்ணப் படங்கள் 40. ஒவ்வொன்றும் தனித் தாளில் அச்சாகி, பழுப்பு நிறத் தடித்த தாள் ஒன்றின் மேல் ஒட்டப்பட்டது. அதன்மீது, படத்துக்குரிய நாடக வரி அச்சான மெல்லிய டிஷ்யூ தாள். வசனத்தோடு வரும் கறுப்புக் கோட்டோவியங்கள் லைன் பிளாக் எனும் கோட்டு அச்சுக்கட்டையில் எழுத்தோடு சேர்ந்தே அச்சானவை. அவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை. கழன்று விழுவது வண்ணப் படங்கள்தான். அதே 1908-இல் எட்மண்ட் டுலாக் வரைந்த ‘தி டெம்பெஸ்ட்’, அடுத்த ஆண்டு அவர் வரைந்த உமர் கய்யாம் ‘ருபாயியாத்’ ஆகியவற்றிலும் வண்ணப் படங்கள் இப்படித் தனியாக ஒட்டப்பட்டவையே. எனவே கீழே உள்ள வேலைமுறை அவற்றுக்கும் பொருந்தும்.

தனியாக ஒட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் அச்சுமுறை. ஓவியத்தை மூன்று வடிகட்டிகள் வழியாகப் படமெடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று ஹாஃப்டோன் பிளாக்குகள் (நிற அடர்த்தியைப் புள்ளிகளாகக் காட்டும் அச்சுக்கட்டைகள்) எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். ஹாஃப்டோன் புள்ளிகள் மிக நுண்ணியவை. சொரசொரப்பான புத்தகத் தாளில் அவை சிதைந்துவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் கட்டாயம். ஆர்ட் பேப்பரின் வழவழப்பு சீனக் களிமண்ணைக் கேசீன் அல்லது ஜெலட்டினில் குழைத்துப் பூசியதால் வருவது. இந்தப் பூச்சுக்கு நீர் எதிரி. ஒரு சொட்டு விழுந்து உலர்ந்தாலே அந்த இடம் பளபளப்பை இழந்து மங்கிய வட்டமாக நிற்கும். பூச்சுள்ள இரு தாள்கள் நனைந்து ஒட்டி உலர்ந்துவிட்டால், பிரிக்கும்போது படம் எதிர்த் தாளோடு போய்விடும். இந்த வேலையில் எடுத்த முடிவுகள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன: நீர் எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது, பசை மேல் விளிம்பில் மட்டும்.

முதல் வேலை சரிபார்ப்பு. புத்தகத்தின் முன்பக்கத்தில் உள்ள படப் பட்டியலை வைத்து 40 படங்களும் இருக்கின்றனவா, வரிசை மாறியிருக்கிறதா, டிஷ்யூ தாளின் வரியும் கீழே உள்ள படமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வகைப் புத்தகங்களைப் பிரித்துப் படங்களைச் சட்டம் போட்டு விற்பவர்கள் உண்டு. அதனால் காணாமல் போன படத்தின் இடத்தில் பிற்கால அச்சுப்படி ஒட்டப்பட்டிருக்கலாம். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) வைத்தால் தெரிந்துவிடும். மூவண்ண பிளாக்கில் தனிக் கறுப்பு கிடையாது. கரும்பகுதி எல்லாம் மூன்று நிறங்களும் கூடிய அடர்த்திதான். ராக்கம் பேனாவால் இழுத்த கோடு லூப்பின் கீழ் திடமான கோடாக இராது. மூன்று நிறப் புள்ளிகள் நெருங்கி நிற்கும் மென்மையான பட்டையாகத் தெரியும். தனியான கறுப்புப் புள்ளிகள், பூவிதழ் போன்ற வட்ட அடுக்குகளில் தெரிந்தால் அது பிற்கால நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு. வௌவால்களின் தோல் சிறகுக்காகத் தேவதைகள் அவற்றோடு சண்டையிடும் படத்தை இப்படிப் பார்ப்பது நல்ல பயிற்சி. சிறகின் பழுப்பு, பின்னணியின் பழுப்பு, கோட்டின் பழுப்பு எல்லாம் அதே மூன்று மைகளின் விகித மாற்றம்தான். ராக்கம் அடர்நிறங்களைத் தவிர்த்து மங்கிய பழுப்பும் சாம்பலுமாகத் தீட்டியது இந்த அச்சுமுறைக்கு எவ்வளவு இசைவானது என்பது லூப்பில் பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

இந்தப் பிரதியில் 40-உம் அசல். 27 உறுதியாக ஒட்டியிருந்தன, அவற்றைத் தொடவில்லை. 8 பாதி விட்டவை. 3 முழுதும் கழன்றவை. அவற்றுள் ஒன்று கீழ்மூலை மடிந்தது. இரண்டில் முன்பே யாரோ கைவைத்திருந்தார்கள்: ஒன்றில் செலோடேப், மற்றொன்றின் பின்புறம் முழுக்க மரவேலைக்கான வெள்ளைப் பசை. ஒவ்வொன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து, நிலையைக் குறித்துக்கொண்டுதான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஒட்டு ஏன் விடுகிறது? அசல் பசை விலங்குப் பசை. நூறாண்டுக்குப் பிறகு அது கண்ணாடித் துண்டு மாதிரி நொறுங்கும். தாங்கும் தாள் தடிமனாக, நெகிழ்வாக இருக்கிறது, படத்தாள் விறைப்பானது. பக்கத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பசைக்கோட்டில்தான் இழுவை விழுகிறது. ஒரு மூலை விட்டதும் படம் கீழ்நோக்கிச் சாய்ந்து, அதன் மூலை புத்தகத்தின் வெளிவிளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. அலமாரியில் செருகும்போது அது மடிகிறது. பழைய பிரதிகளில் மூலைமடிப்பு பெரும்பாலும் இப்படி வந்ததே. ஆகவே பாதி விட்ட படத்தை முழுதும் விட்ட படத்தைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

தூசி துடைக்க ஆட்டுமுடித் தூரிகை போதும். படத்தின்மேல் ரப்பர் எதுவும் வேண்டாம். பூச்சின் பளபளப்பு கோடுகோடாகத் தேயும். பழுப்புத் தாளின் தூசிக்கு வல்கனைஸ்டு ரப்பர் ஸ்பாஞ்சை ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நார் எழுந்து அந்த இடம் வெளுத்துத் தெரியும். கையில் நைட்ரைல் உறை போட்டுக்கொள்வது நல்லது. சாதாரணப் புத்தக வேலைக்குச் சுத்தமான வெறுங்கையே மேல் என்றாலும், ஆர்ட் பேப்பரில் பதிந்த விரல்ரேகை போகாது.

பசை

நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். பூச்சி வராது என்பது உண்மைதான். ஆனால் மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். தாமிர அயனிகள் தாளின் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். கணக்குப் புத்தகத்துக்குப் பரவாயில்லை, இந்த வேலைக்கு ஆகாது. மைதாவையும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குளூட்டன் பசையை விறைக்க வைக்கும், நாளடைவில் மஞ்சளாக்கும். கோதுமை ஸ்டார்ச் தனியாக விற்கிறது. கிடைக்காதபோது வீட்டிலேயே எடுக்கலாம். அரைக் கிலோ மைதாவை அளவாக நீர்விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு அகலமான பாத்திரத்து நீரில் அந்த உருண்டையை அமிழ்த்திப் பிசைந்துகொண்டே இருந்தால் நீர் பால்போல் வெளுக்கும். கையில் ரப்பர் மாதிரி மிஞ்சுவது குளூட்டன். பால்நீரைத் துணியில் வடிகட்டி இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்தால் அடியில் நிற்பது ஸ்டார்ச். புது நீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளியவிட்டு எடுத்தால் இன்னும் சுத்தம். நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சும் அளவு: ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர். அரை மணி நேரம் ஊறவிட்டு, மிகச் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை வந்த பிறகும் விடாமல் மொத்தம் 30 நிமிடம். வேகாத ஸ்டார்ச் ஒட்டும்போது நன்றாக இருக்கும், உலர்ந்த பிறகு உதிரும். ஆறியதும் நுண்சல்லடையில் மூன்று முறை தேய்த்து எடுத்தால் கட்டி இராது. படம் ஒட்டத் தேவையானது கெட்டித் தயிர்ப் பதம்; நீர்க்க விடவே கூடாது. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது ஒட்டுப்பொருள் க்ளூசெல் ஜி, ஆல்கஹாலில் கரையும் செல்லுலோஸ் வகைத் தூள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 95 பங்கு, நீர் 5 பங்கு கலந்து, அந்தக் கலவை 100 மி.லி.க்கு 4 கிராம் தூளைத் தூவிக் கலக்கி, இரவு முழுக்க மூடி வைத்தால் தெளிந்த குழம்பாகும். 99 சதவீத ஆல்கஹாலில் நேராகப் போட்டால் கலங்கலாகவும் குறுணையாகவும் நிற்கக்கூடும். அந்தச் சிறிதளவு நீர் அதற்காகத்தான். சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள ஜப்பானிய டெங்குஜோ தாளைப் பாலியெஸ்டர் படலத்தின்மேல் விரித்து, இந்தக் குழம்பை இரு முறை பூசி உலர்த்தி வைத்துக்கொண்டால் வேண்டும்போது வெட்டி எடுக்கலாம். ஆல்கஹால் நனைத்த தூரிகையால் தொட்டால் பசை உயிர்பெறும். நீர் கிட்டத்தட்ட இல்லை என்பதால் ஆர்ட் பேப்பர் கிழிசலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பிடிப்பு மெலிது. கிழிசலை ஒட்ட இது. படத்தின் எடையைத் தாங்க ஸ்டார்ச் பசை. இரண்டையும் இடம் மாற்றிப் பயன்படுத்தினால் கிழிசல் அலையலையாகச் சுருங்கும், படம் மறுபடி விழும். ஆல்கஹால் திறந்திருக்கும் அறையில் அடுப்போ மெழுகுவத்தியோ கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சில பழைய சிவப்பு மைகள் ஆல்கஹாலில் கசியும் என்பதால், படத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு தொட்டு வெள்ளை ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தபிறகே தொடங்க வேண்டும்.

பாதி விட்டவை

விட்ட பகுதிக்குள் பசை ஒட்டாத சிலிக்கோன் தாள் துண்டைச் செருகி, 15-ஆம் எண் ஸ்கால்பெல் முனையால் பழைய பசையின் மேடுகளை மட்டும் சுரண்டினோம். அது படிகம்போல் சில்லுச் சில்லாக வரும். தாளோடு ஒன்றிப்போன பசையை எடுக்க ஆசைப்படக் கூடாது. அதை நனைத்து எடுக்கப் போனால் பழுப்புத் தாளின் சாயம் நகர்ந்து நீர்க்கறை வளையம் விழும். அதை மறைக்க வழி இல்லை. பிறகு குட்டையான தூரிகையில் கெட்டிப் பசை எடுத்து, ஒற்றுத்தாளில் இருமுறை தேய்த்து ஈரத்தைக் குறைத்து, மேல் விளிம்பில் 3 மி.மீ. அகலத்துக்குத் தடவ வேண்டும். அழுத்தும்போது பசை வெளியே பிதுங்கினால் அளவு அதிகம் என்று பொருள். பிதுங்கியதைத் துடைக்கப் போகாமல், உலர்ந்தபின் பிளேடு முனையால் எடுப்பதே பாதுகாப்பு.

படத்தின்மேல் வழவழப்பான பாலியெஸ்டர் படலம், அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் ஒரு கிலோ எடையுள்ள கண்ணாடிப் பலகை. இங்கே பலரும் வழக்கமான பாலியெஸ்டர் துணியைப் போடுவார்கள். சாதாரணத் தாளுக்கு அது சரி. ஈரம் ஏறிய பூச்சில் அழுத்தத்தோடு வைத்தால் துணியின் தடம் படத்தில் பதியும். தாங்கும் தாளின் அடியிலும் ஒற்றுத்தாள் வைத்து, 5 நிமிடத்தில் ஒருமுறை, அரை மணியில் ஒருமுறை மாற்றி, பிறகு இரவு முழுக்க விட்டோம்.

முழுதும் கழன்றவை

இவற்றை அசலில் இருந்ததுபோல் நேரடியாக ஒட்டாமல், ஜப்பானியத் தாள் கீல் வைத்தோம். நாளை யாராவது படத்தைப் பிடித்து இழுத்தால் கிழிய வேண்டியது கீல், படம் அல்ல. சதுர மீட்டருக்கு 20 கிராம் எடையுள்ள கோஸோ என்ற ஜப்பானியத் தாளில் நீர்த்தூரிகையால் கோடு இழுத்து, ஈரக்கோட்டில் பிய்த்தெடுத்தால் விளிம்பில் நார் நீளும். கத்தரியால் வெட்டிய நேர்விளிம்பு முன்பக்கம் மேடாகத் தெரியும். ஒவ்வொரு கீலும் 25 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம். 4 மி.மீ. படத்தின் பின்புறம், மடிப்புக்குப் பிறகு 8 மி.மீ. தாங்கும் தாளில். மேல் விளிம்பின் இரு முனைகளிலிருந்தும் 10 மி.மீ. தள்ளி, படத்துக்கு இரண்டு. முதலில் படத்தின் பின்புறம் ஒட்டி முழுதும் உலர்த்திவிட்டுத்தான் தாங்கும் தாளில் ஒட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் ஈரம் சேர்ந்து மேல் விளிம்பு நெளியும்.

எந்த இடத்தில் ஒட்டுவது என்பதைத் தாங்கும் தாளே சொல்லும். படம் மூடியிருந்த பகுதி சுற்றியுள்ள பகுதியைவிட நிறம் மாறாமல் இருக்கும்; பழைய பசைக்கோடும் இருக்கும். ‘ட’ வடிவில் வெட்டிய இரண்டு பாலியெஸ்டர் துண்டுகளை அந்த மூலைகளில் வைத்துச் சிறு எடை ஏற்றிவிட்டால் படம் அரை மில்லிமீட்டர்கூட நகராமல் உட்காரும். கண் அளவில் ஒட்டினால் படத்தின் ஓரம் முழுக்க நிறம் மாறாத பட்டை ஒன்று எட்டிப் பார்க்கும். புத்தகத்தைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் விழவே விழாதே என்ற எண்ணம் வருவது இயல்பு. செய்யக் கூடாது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இரண்டு தாள்களும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். மேல் விளிம்பில் மட்டும் ஒட்டினால் படம் தன் போக்கில் அசைந்து அடங்கும். நான்கு பக்கமும் பிடித்துவிட்டால் நடுவில் புடைக்கும், அல்லது தாங்கும் தாள் வளையும். வெள்ளைப் பசை பூசிய அந்தப் படமே சாட்சி: நடுவில் இரண்டு மேடுகள், மேட்டின் உச்சியில் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிகிறது. அந்தப் பசை உலர்ந்தபின் நீரில் கரையாது. அசிட்டோனில் ஊறும், ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு கரைப்பானை இந்தப் படம் தாங்காது. ஆகவே அதை அப்படியே விட்டு, டிஷ்யூ தாளுக்கு அடியில் வழவழப்பான அமிலமற்ற தாள் ஒன்றை மட்டும் உராய்வுக்குத் தடுப்பாக வைத்தோம். பிரிக்காமல் விடுவதுதான் அந்தப் படத்துக்குச் செய்யக்கூடிய ஒரே நல்லது.

செலோடேப் விஷயம் அவ்வளவு மோசமில்லை. படத்தின் பின்புறத்தையும் தாங்கும் தாளையும் சேர்த்து ஒட்டியிருந்தது, முகத்தில் இல்லை. இளஞ்சூடான ஸ்பாட்டுலாவை டேப்பின் மேல் சில நொடி வைத்து, பசை இளகியதும் டேப்பைத் தன்மீதே மடக்கி, தாளோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். நிமிர்த்தி இழுத்தால் பூச்சு கூடவே வரும். மிச்சப் பிசினைக் கிரேப் ரப்பரால் உருட்டி எடுத்தோம். மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிட்டது. பின்புறம்தானே என்று விட்டாயிற்று. படத்தின் முகத்தில் டேப் இருந்திருந்தால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் சோதித்து, நிறம் சிறிது எழும்பினாலும் நிறுத்தியிருக்க வேண்டியதுதான்.

மடிந்த மூலைக்கு இஸ்திரிப் பெட்டியை நாடுவோர் உண்டு. சூட்டில் பூச்சு விரிசல் விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் கிண்ணத்தில் சாப்பாட்டு உப்பைக் குழைசேறாக நனைத்து வையுங்கள். கரையாத உப்பு மிஞ்சியிருக்கும்வரை பெட்டிக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அதற்கு மேல் போகாது. வலைத்தட்டில் படத்தை முகம் மேலாக, எதுவும் தொடாமல், இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் தாள் இளகும். விரலால் மெல்ல நிமிர்த்தி, படலம், ஒற்றுத்தாள், கண்ணாடி என்று அடுக்கி இரண்டு நாள் அழுத்த வேண்டும். பிறகு மடிப்பின் பின்புறம் க்ளூசெல் பூசிய டெங்குஜோ பட்டை. மடிப்புக் கோட்டில் பூச்சு உதிர்ந்து வெள்ளைக்கீறல் தெரிவது தெரியத்தான் செய்யும். அதில் நீர்வண்ணம் தொட்டு மறைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. தெறித்த பூச்சின் ஓரத்தில் வண்ணம் ஊறிப் பரவும், பிறகு எடுக்க முடியாது.

டிஷ்யூ தாள்களைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இந்தப் பதிப்பில் எந்தப் படம் எந்த வரிக்கு என்பது அவற்றில் அச்சாகியிருக்கிறது. அவை போனால் நாடகத்துக்கும் படத்துக்கும் உள்ள கட்டு அறுந்துவிடும். கிழிந்தவற்றை க்ளூசெல் பட்டையால் மட்டும் ஒட்ட வேண்டும். ஸ்டார்ச் பசை பட்டால் அந்த மெல்லிய தாள் சுருங்கி மீளாது. தையல் ஓரத்தில் 2 மி.மீ. மட்டும் ஒட்டு. ஒரு தாள் இல்லாதிருந்தால் வெற்று அமிலமற்ற டிஷ்யூ வைக்கலாம். வரியைக் கணினியில் அச்சிட்டு வைப்பது அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதில் போய் முடியும்.

முன் அட்டை புத்தகத்தோடு சேரும் உள்மூட்டு விரிந்திருந்தது. 40 தடித்த தாள்களின் எடை அங்கேதான் தொங்குகிறது. 15 மி.மீ. அகலக் கோஸோ பட்டை, ஸ்டார்ச் பசை, மடிப்பில் போன் ஃபோல்டரால் (மடிப்பை அழுத்தும் எலும்புப் பட்டை) அழுத்தம், அவ்வளவே.

எல்லாம் உலர்ந்து ஒரு வாரம் சென்றபின் சோதனை. புத்தகத்தைத் திறந்து நிமிர்த்திப் பிடித்து ஒவ்வொரு படத்தின் கீழ் விளிம்பையும் தூரிகை முனையால் சற்றே தூக்க வேண்டும். மேல் விளிம்பு அசையாமல், கீழ்ப்பகுதி தளர்வாக எழுந்து தானாகவே மறுபடி படிந்தால் சரி. ஏதாவது ஓரம் வளைந்து நின்றால் பசையின் ஈரம் கூடிப்போயிருக்கிறது. மறுபடி ஒற்றுத்தாளில் அழுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது டிஷ்யூ தாள்தான் என்பதால், ஒவ்வொன்றும் மடிப்பின்றிப் படத்தை முழுதும் மூடுகிறதா என்று பார்த்துத்தான் புத்தகத்தை மூட வேண்டும். அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கைவாட்டில், மேலே வேறு புத்தகம் அடுக்காமல் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் சிறு ஈரமானியும் இருக்கட்டும். 50 முதல் 55 சதவீதம் போதும், அதற்குக் கீழே போனால் பழைய விலங்குப் பசை இன்னும் நொறுங்கும். இராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் பிடித்த உணவு. அதற்காகப் பசையில் மருந்து கலக்கத் தேவையில்லை; பெட்டி இறுக்கமாக மூடி, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தாலே போதும். பழைய தீபாவளி மலர்களில் ஆர்ட் பேப்பரில் மூவண்ண பிளாக்கில் அச்சான படங்கள் வைத்திருப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம்.